அரப்பேரா? எனக்கா?

எங்கள் குழுவின் பெயர் ‘தண்ணி லாரி’. இதைக் கொழும்பு விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒருவரிடம் சொல்லிப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும். என்ன வேலை என்று கேட்டார். பேஸ் கிட்டார் வாசிக்கிறேன் என்றேன். எங்கே என்றார். தண்ணி லாரியில் என்றேன். என் முகத்தை ஒருமுறையும் பாஸ்போர்ட்டை ஒருமுறையும் பார்த்துவிட்டு, இதற்கு மேல் கேட்டால் தன் தலைவலிதான் என்று முத்திரை குத்திவிட்டார். இலங்கையில் தண்ணி லாரிக்குப் பவுசர் என்று பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சென்னையில் நாங்கள் ஒன்பது பேர். போஸ்டரில் ஆசிட் ஜாஸ், ஃபங்க் என்று போட்டுக்கொள்வோம். அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டபோது, உட்கார்ந்து யோசிக்கிற ஜாஸ் இசையை எழுந்து ஆடுகிற மாதிரி வாசிப்பது என்று விளக்கினேன். “அதுக்கு எதுக்குடி ஆசிட்?” என்றார். இன்றுவரை பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் முதல் ஆல்பம் முடிந்து, அட்டை அச்சுக்குப் போக வேண்டிய நேரம். ஆல்பத்துக்கு ‘அரைப்பேர்’ என்று பெயர். அதே பெயரில் ஒரு பாட்டும் உண்டு. கீபோர்டு வாசிக்கும் இளங்கோ போன வருஷம் இலங்கையின் மலையகத்துக்குச் சுற்றுலா போனபோது, ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று சத்தங்களைப் பதிவு செய்துகொண்டு வந்தான். அதில் ஒரு பெண் குரல். “அரப்பேரா? எனக்கா?” அவ்வளவுதான். அதைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, கீழே என் பேஸ், மேலே டிரம்பெட். மேடையில் வாசித்தால் கூட்டம் பித்துப் பிடித்து ஆடும். நாங்கள் “அரப்பேரா?” என்போம், அவர்கள் கையைத் தூக்கி “எனக்கா?” என்பார்கள்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் கண்டுபிடித்தது நான்தான். தேயிலை வேலைக்காக இங்கிருந்து கப்பலேறிப் போன மக்கள். அந்த நாடும் முழுசாகத் தன்னவர் என்று சொல்லவில்லை, இந்த நாடும் சொல்லவில்லை. ஆகவே பாதிப் பெயரோடு வாழ்கிறவர்கள், அரைப்பேர். ஆல்பத்தின் அட்டைக்கு இதை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு பேட்டியிலும் சொன்னேன். பேட்டி எடுத்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாட்டுகளை இணையத்தில் ஏற்றிக் கொடுக்கிறவர்கள்தான் குறுக்கே வந்தார்கள். குரலுக்குச் சொந்தக்காரரின் சம்மதம் எங்கே என்றார்கள். யாராவது போய் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து, அவர் சரி என்று சொல்வதைப் போனில் படம்பிடித்துக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாட்டே போய்விடும். “நீதான் நல்லா பேசுவே” என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

ரயிலில் எனக்குப் பக்கத்தில் ஹட்டன் தபாலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். எதிரே வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மின்சார ரயிலில் எல்லோரும் தொங்குவது ஆபீஸ் போய்ச் சேர. இங்கே தொங்குவதற்கென்றே டிக்கெட் வாங்கி வருகிறார்கள். கூடையில் இறால் வடை வந்தது. முழு இறால் ஒன்று வடை மேல் மீசையோடு படுத்திருந்தது. நான் மீசையைக் கிள்ளிப் போட்டதைப் பார்த்து வடைக்காரர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. “அதுதான் ருசியான பக்கம், அதைப் போய் எறியுதே இந்தப் பொண்ணுன்னு சொல்றாருங்க” என்று பெரியவர் மொழிபெயர்த்தார்.

வந்த காரியத்தை அவரிடம் சொன்னேன். கூடவே என் அரைப்பேர் விளக்கத்தையும் முழுசாக அவிழ்த்துவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்படிங்களா” என்றார்.

நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹட்டனில் குளிர் எலும்பில் இறங்கியது. ஊட்டிக்கே ஸ்வெட்டர் இல்லாமல் போகிற வீராப்பில் ஒரு சால்வை மட்டும் கொண்டு வந்திருந்தேன். தங்கிய வீட்டு அம்மா என் பல் தந்தியடிப்பதைக் கேட்டுவிட்டுத் தன் கணவரின் ஸ்வெட்டரைக் கொடுத்தார். முழங்கால்வரை வந்தது. அவர் போட்டுக் கொடுத்த தேநீர் பால்மாவில், அதாவது பால் பவுடரில், கலந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. நல்ல இலையெல்லாம் எங்கோ போய்விடுகிறது போல, கோப்பையில் வந்தது வெறும் கசப்பு. இஞ்சி தட்டிப் போட்டிருந்ததால் பிழைத்தேன். அவரிடமும் என் விளக்கத்தைச் சொன்னேன். அவரும் “அப்படிங்களா” என்றுதான் சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு மென்மையானவர்கள் என்று இளங்கோவுக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் பஸ். றொசல்ல ரயில் நிறுத்தத்துக்கு மேலே, பக்கத்தில் நீலப் பெயின்ட் அடித்த ஒரு சின்ன மாதா கோயில், இவ்வளவுதான் இளங்கோவுக்கு நினைவிருந்த அடையாளம். பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. கண்டக்டர் சிங்களத்தில் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் பல்லைக் காட்டினேன். மறுபடி கத்தினார். “பின்னால நகரச் சொல்றாரு மிஸ்” என்று ஒரு பெண் என்னைத் தோளைப் பிடித்து நகர்த்தினார். இந்த ஊரில் கண்ணாடி போட்ட, பை மாட்டிய பெண்கள் எல்லோரும் மிஸ்தான். டீச்சர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நகர்ந்த இடத்தில் ஜன்னல் தெரியவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, திரும்பி நடந்து, குறுக்கு வழி என்று தேயிலைக்குள் இறங்கி, கணுக்காலில் ரத்தம் குடிக்கும் ஒரு அட்டைப்பூச்சியோடு கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே ஒரு டீக்கடை. கோதுமை ரொட்டியும், தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கேட்டேன். சம்பலில் மிளகாய் என்னை அடித்துப்போட்டது. ஆந்திராச் சாப்பாட்டை மூக்கு சிந்தாமல் சாப்பிடுகிற எனக்கு இந்த நிலைமை. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஸ்பீக்கரை எடுத்து மேசையில் வைத்து, அந்தக் குரலை மட்டும் ஓடவிட்டேன். “அரப்பேரா? எனக்கா?”

ரொட்டி புரட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்தினார். வாசலில் ஆட்டோவோடு நின்ற த்ரீவீல் டிரைவர் உள்ளே தலையை நீட்டினார்.

“இது நம்ம ஜெசிந்தாக்கா குரலுல்ல?” என்றார். “‘எனக்கா’ன்னு அந்த இழுப்பு அவங்கதான். இத எங்கங்க புடிச்சீங்க?”

அவர் பெயர் ரவி. ஜெசிந்தாக்கா இருக்கிற அதே தோட்டத்தைச் சேர்ந்தவர். கடையில் இருந்தவர்கள் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒருவர் “எந்தத் தண்ணின்னு கேளுங்க” என்று ரவியை இடித்தார். குழுவின் பெயரைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். குழுவின் பெயரை அவர்களிடம் நான் சொல்லவே இல்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், நான் கூட்டிப்போகிறேன் என்று ரவி சொல்லியிருந்தார். தோட்டத்துப் பாதை முக்கால்வாசி கல், கால்வாசி சேறு. ஒரு வளைவில் ரவியின் த்ரீவீல் சேற்றில் இறங்கிக்கொண்டது. நான் பின்னால் நின்று தள்ள, அது முன்னே போவதற்குப் பதில் என் மேல் சேற்றைத் துப்பியது. யாராவது வரட்டும் என்று ஒரு கல்லில் உட்கார்ந்தோம். சும்மா இருக்க முடியாமல் ரவியிடமும் என் விளக்கத்தை ஆரம்பித்தேன். இரண்டு நாடு, பாதிப் பெயர், கப்பல்.

ரவி மற்றவர்களைப் போல மென்மையானவர் இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

“மிஸ், அரப்பேருன்னா அரநாள் சம்பளம் மிஸ்! கொழுந்து கொறஞ்சா கணக்கப்பிள்ள அரப்பேருதான் போடுவாரு. நாள் பூரா மலையில நின்னாலும் அரப்பேருதான். இங்க பேருன்னா ஒரு நாள் வேல. பேரு போட்டாச்சா, பேரு விழுந்துச்சான்னுதான் எல்லாரும் கேப்போம்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. தபாலகப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்ததும், வீட்டு அம்மாவின் “அப்படிங்களா”வும் வரிசையாக வந்து முன்னால் நின்றன. எவ்வளவு மரியாதையாக என் உளறலைக் கேட்டிருக்கிறார்கள்! அதைவிட மோசம், எங்கள் மேடை. ஒரு பெண் நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டுக் கூலி பாதியாகப் போகிறதே என்று பதறிக் கேட்ட கேள்விக்கு, நாங்கள் கையைத் தூக்கித் தூக்கி ஆடியிருக்கிறோம். ஆட வைத்தது என் பேஸ்.

“திரும்பிப் போயிடலாமா ரவி?”

“அதெப்புடி மிஸ்? நீங்க வர்றீங்கன்னு நேத்தே சொல்லிட்டேன். கோழி அடிச்சிருக்காங்க.”

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். ஜெசிந்தாக்கா வாசலில் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சேலை, தலையில் இன்னும் பூசைக்குப் போட்ட முக்காடு. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். பதறுகிற ஆளாகத் தெரியவில்லை. என் சேற்றுக் காலைப் பார்த்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தானே தூக்கிவந்து வைத்தார்.

“இந்தியாவுல இருந்து என் குரலத் தேடி வந்தீங்களாமே! வாங்க, ஒக்காருங்க.”

வழியில் ஒரு திட்டம் போட்டிருந்தேன். பாட்டைப் போட வேண்டாம். மெதுவாகப் பேசி, சரி என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு, கோழியையும் சாப்பிட்டுவிட்டு ஓடிவிடுவது. ஆனால் அவர் சும்மா விடவில்லை. “கேக்காம எப்புடி? போடுங்க” என்றார். என் சின்ன ஸ்பீக்கரைப் பார்த்து லயமே சிரித்தது. மாதா கோயில் திருவிழாவுக்கு வாங்கிவைத்த ஆளுயரப் பெட்டி ஒன்று அடுத்த வீட்டில் இருந்தது. ரவி அதை வாசலுக்கு இழுத்துவந்து என் போனை அதில் மாட்டிவிட்டார். சுற்றிலும் எல்லா வீட்டிலிருந்தும் வந்து நின்றுவிட்டார்கள்.

பேஸ் தொடங்கியதும் தகரக்கூரை அதிர்ந்தது. பிள்ளைகள் ஆட ஆரம்பித்தன. டிரம்பெட் வந்தது. பிறகு குரல். “அரப்பேரா? எனக்கா?”

லயம் ஓ என்று கத்தியது. ஜெசிந்தாக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உடனே பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து, பாட்டை முந்திக்கொண்டு சத்தமாகச் சொன்னார்கள்: “மழையே இல்லியே, எந்தத் தண்ணி?”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். ஆனால் பெட்டியிலிருந்து மறுபடி “அரப்பேரா? எனக்கா?”தான் வந்தது. இரண்டாம் தடவை பாதிப் பேர்தான் அதைச் சொன்னார்கள். மூன்றாம் தடவை யாரும் சொல்லவில்லை. “அரப்பேரா? எனக்கா? அரப்பேரா? எனக்கா?” பிள்ளைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. ஜெசிந்தாக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டிருந்தது. நான் எழுந்து போனைப் பிடுங்கினேன்.

“மீதி எங்க?” என்றார்.

“என்ன மீதிக்கா?”

“நான் சொன்னது.” அவர் முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “அன்னைக்குக் கணக்கப்பிள்ள, கொழுந்து ஈரம், தண்ணிக்குக் கழிக்கணும்னாரு. கழிச்சுப்புட்டு அரப்பேருன்னாரு. அரப்பேரா, எனக்கான்னு கேட்டேன். நான் அதோட நிக்கலங்க. வெயிலு மண்டையப் பொளக்குது, மழையே இல்லியே, எந்தத் தண்ணின்னு கேட்டேன். நின்ன பொம்பளைங்க அத்தன பேரும் சிரிச்சுட்டாங்க. அந்தாளு மொகம் செத்துப் போச்சு. திரும்ப நிறுத்து முழுப்பேரு போட்டாரு. இன்னைக்கு வரைக்கும் தண்ணிக் கழிவுன்னு அவரு வாயத் தொறந்தா, எந்தத் தண்ணின்னு மொத்த மலையும் கேக்கும்.”

நான் இளங்கோவுக்குப் போன் போட்டேன். மீதிப் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். “அதுக்கப்புறம் ஏதோ பேசினாங்க, ஒரே சிரிப்புச் சத்தம், குரல் கெட்டுப்போச்சு. அதான் வெட்டி அழிச்சிட்டேன்” என்றான். அந்தச் சிரிப்பு எதற்கு என்று சொன்னேன். “‘எந்தத் தண்ணி’! செம டைட்டில்! அதை இப்ப ரெக்கார்டு பண்ணிட்டு வா!” என்றான். போனை வைத்துவிட்டேன். ஆனால் வைத்த கையோடு நானும் அதையேதான் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். “அக்கா, அந்த வார்த்தைய இன்னொரு தடவை சொல்ல முடியுமா? சேத்துடறோம்.”

“அன்னைக்குக் கணக்கப்பிள்ள எதிர்ல நின்னாரு, சொன்னேன்” என்றார். “இப்ப யாரப் பாத்துச் சொல்றது? ஒங்களப் பாத்தா?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாய் வேறு சும்மா இருக்கவில்லை. “எங்க ஊர்ல எல்லாருக்கும் உங்க குரல் ரொம்பப் பிடிச்சிருக்குக்கா” என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“அப்படிங்களா” என்றார் ஜெசிந்தாக்கா. அந்த வார்த்தையின் எடை இப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து அவரே கேட்டார். “ஒங்க பாட்டுல யார் யாரு என்னா செஞ்சாங்கன்னு பேரு போடுவீங்கள்ல?”

“போடுவோம்க்கா.”

“என் பேரு போட்டிருக்கா?”

அட்டைக்கு நான் எழுதிக் கொடுத்த பக்கம் என் பையிலேயே இருந்தது. ஒன்பது பேர் பெயரும் அதில் உண்டு. எங்களுக்கு டீ வாங்கித் தந்தவர் பெயர்கூட உண்டு. கடைசி வரியில், ‘தேயிலைத் தோட்டப் பெண் ஒருவரின் குரல்’ என்று எழுதியிருந்தேன்.

“இல்லக்கா.”

“அரப்பேரும் இல்லியா?”

லயம் முழுக்கச் சிரித்தது. அன்று கணக்கப்பிள்ளை நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன். அவருக்காவது திரும்ப நிறுத்துப் போட ஒரு தராசு இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் முடிவைச் சொன்னார். கோபமே இல்லாத குரலில், கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னார். “என் கொரல எடுத்துருங்க. பேர மட்டும் போடுங்க. முழுப்பேரு. சவரிமுத்து ஜெசிந்தா மேரி.”

“குரல் இல்லாம எப்படிக்கா பேரு?”

“வேல வாங்கிட்டீங்கள்ல? வேல செஞ்சா பேரு போடணும். நீங்க அத வச்சுக்கிறீங்களா, தூக்கிப் போடுறீங்களா, அது எனக்கு எதுக்கு?”

பிறகு சாப்பிட வைத்தார். கோழிக்கறி, ரொட்டி, பருப்பு. தலை நிமிராமல் சாப்பிட்டேன். தட்டு காலியாக விடவில்லை, போட்டுக்கொண்டே இருந்தார். குளிரில் கறி நன்றாக இருந்தது. அதுவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. கிளம்பும்போது தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். “ஒங்க அம்மாவுக்கு” என்றார்.

சென்னையில் பெரிய சண்டை. குரல் போனால் பாட்டே இல்லை என்றான் இளங்கோ. எனக்கும் அவனுக்கும் ஒரு மாதம் பேச்சே இல்லை. கடைசியில் குரலை எடுத்தோம். அது இருந்த இடத்தில் தாளம் மட்டும் ஓடுகிறது. என் ஒரு பக்க விளக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஆல்பத்துக்குக் குழுவின் பெயரையே வைத்துவிட்டோம். அட்டையில் முதல் வரி: ‘குரல்: சவரிமுத்து ஜெசிந்தா மேரி’. ரவிக்குப் படம் அனுப்பினேன். “அக்கா எழுத்துக் கூட்டிப் பாத்தாங்க மிஸ். சரியா இருக்காம்” என்று பதில் வந்தது. ஆல்பத்தைக் கேட்டவர்கள், எல்லாப் பாட்டும் கேட்டுவிட்டோம், அந்த அம்மா எங்கே பாடுகிறார் என்று எழுதிக் கேட்கிறார்கள். அவர் பாடவில்லை என்று பதில் எழுதுகிறேன்.

வெளியீட்டு விழாவில் அந்தப் பாட்டை வாசித்தோம். வாசிக்கும் முன் மைக்கைப் பிடித்து, அரைப்பேர் என்றால் என்ன, அவர் அதற்கு மேல் என்ன கேட்டார், ஏன் குரலை எடுத்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு வாசிக்கத் தொடங்கினோம். குரல் இருந்த இடம் வந்தது, வெறும் தாளம். பின்வரிசையிலிருந்து யாரோ “அரப்பேரா?” என்றார்கள். அவ்வளவுதான், அரங்கமே கையைத் தூக்கி “எனக்கா?” என்றது. அடுத்த சுற்றிலும் சொன்னார்கள், அதற்கடுத்த சுற்றிலும். நாங்கள் ஆல்பத்திலிருந்து எடுத்ததை அவர்கள் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. வாசித்துக்கொண்டே ஒவ்வொரு சுற்றிலும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒருவராவது, ஒரே ஒருவராவது, எந்தத் தண்ணி என்று கேட்பாரா என்று. பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள்.